கீமோ முடிந்தது, இனி ஷிப்ட் பஸ்ஸைப் பிடிப்பது எப்படி?

ஓசூர் சிப்காட்டுக்குப் போகிற எங்கள் கம்பெனி பஸ் பாலக்கோடு பக்கம் விடிகாலை நாலே முக்காலுக்கு வந்துவிடும். கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், நாலு மணிக்கு எழுந்து குளித்துவிட்டு ஜாக்கெட் கொக்கியை மாட்டப் போனேன். மாட்ட முடியவில்லை. வலியெல்லாம் இல்லை, விரல் நுனிக்குக் கொக்கி தட்டுப்படவே இல்லை. விளக்கைப் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று, ஒவ்வொரு கொக்கியாகப் பார்த்துப் பார்த்து மாட்டி முடிப்பதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது. நான் திரும்பிப் போக இருந்ததோ ஸ்க்ரூ லைனுக்கு! அரிசி அளவு ஸ்க்ரூவை எடுத்து எட்டு மணி நேரம் நின்றுகொண்டே பூட்டுகிற வேலை.

வீட்டில் ஒன்றரை மாதம் சும்மா இருந்தபோதே இதைச் சோதித்துப் பார்த்திருக்கலாம். எல்லோரும் "உடம்பு தேறிடுச்சா?" என்று கேட்டார்கள், நானும் தேறிவிட்டது என்றேன். எந்த வேலைக்குத் தேறியது என்று யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வந்தது மார்பகப் புற்றுநோய், வலது பக்கம். அதனால் அதைப் பற்றி அதிகம் தெரியும். மற்றதெல்லாம் கூட சிகிச்சைக்கு வந்தவர்களிடமிருந்தும் டாக்டர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவை.

எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்

நோய் என்று தெரிந்த வாரத்திலேயே, "எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா, சரியானதும் வா, நாங்களே எடுத்துக்கிறோம்" என்று யாராவது சொல்வார்கள். நல்ல மனசோடும் சொல்வார்கள். எங்கள் லைனிலேயே ஒரு அக்கா அப்படி எழுதிக் கொடுத்தார். ஒரு வருஷம் கழித்து வந்தபோது, அப்படிச் சொன்னவரே அங்கே இல்லை. இன்னொரு கம்பெனிக்கு மாறிவிட்டார். அக்காவைக் கான்ட்ராக்டில் எடுத்துக்கொண்டார்கள், சர்வீஸ் பழையபடி ஒன்றிலிருந்து ஆரம்பம். ராஜினாமாவுக்குப் பதிலாக லீவு லெட்டரும் டாக்டர் சர்டிபிகேட்டும் கொடுங்கள், நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள், முடிந்தால் அதையே மெயிலிலும் அனுப்பிவிடுங்கள். லீவு நீட்டிக்கிற ஒவ்வொரு தடவையும் இதையே செய்யுங்கள். சம்பளம் இல்லாத லீவாக இருந்தாலும் பரவாயில்லை, மஸ்டரில், அதாவது கம்பெனி வருகைப் பதிவேட்டில், பெயர் இருந்தால் போதும்.

கம்பெனி வேலையில் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் என்றால் உங்களுக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு இருக்கும். நோய்க்கால உதவித்தொகையாக வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியும். புற்றுநோய் மாதிரி நீண்டகால நோய்களுக்கு அதற்கு மேலும் நீட்டித்து, 80 சதவீதம், இரண்டு வருஷம் வரை கொடுப்பார்கள் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. அதற்கு இரண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும், அதில் குறைந்தது 156 நாளுக்காவது பிடித்தம் கட்டியிருக்க வேண்டும். பேப்பர் வேலை நிறைய. இ.எஸ்.ஐ. டாக்டரின் சர்டிபிகேட் இடைவெளி விழாமல் தொடர வேண்டும், நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் அந்த வாரத்துப் பணமும் போச்சு.

பி.எஃப்.-லிருந்து நோய்ச் செலவுக்கு முன்பணம் எடுக்க வழி உண்டு, எடுங்கள், அதற்குத்தான் அது இருக்கிறது. ஆனால் கணக்கையே முடித்து மொத்தமும் எடுத்துவிடாதீர்கள். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும், எட்டு ஒன்பது வருஷம் முடித்தவர்கள் அவசரத்தில் துடைத்து எடுத்துவிட்டுப் பின்னால் வருத்தப்படுகிறார்கள்.

சிகிச்சை இன்னும் பாக்கி இருக்கிறது, இ.எஸ்.ஐ.யும் இல்லை என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. அட்டை இல்லையென்றால் கலெக்டர் ஆபீசில் இருக்கிற காப்பீட்டு மையத்தில் பதிந்துகொள்ளலாம். அரசு ஊழியர்களுக்கு இந்தப் பாடெல்லாம் குறைவு. ஈட்டிய விடுப்பு, மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு என்று வரிசையாக இருக்கிறது, திரும்பும்போது தகுதிச் சான்று வைத்தால் போதும்.

வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள்

உங்கள் வேலையை ஒரு நோட்டில் எழுதுங்கள். "லைன் ஆபரேட்டர்", "டீச்சர்", "கொத்தனார்" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. கை என்ன செய்கிறது, கால் எவ்வளவு நேரம் நிற்கிறது, எவ்வளவு எடை தூக்குகிறீர்கள், எவ்வளவு பேசுகிறீர்கள், வெயிலா நிழலா, பாத்ரூம் எவ்வளவு தூரம் என்று எழுதுங்கள். அப்புறம் இரண்டு வாரம் வீட்டில் அதையே செய்து பாருங்கள்.

விரலுக்கு நான் கண்டுபிடித்த சோதனை இது. ஒரு தட்டில் கொள்ளைக் கொட்டி, அதற்குள் அதே அளவில் நாலைந்து கல்லைப் போட்டுக் கலந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் மட்டும் கல்லைப் பொறுக்குங்கள். எனக்கு ஐந்தில் ஒன்றுதான் கிடைத்தது, அதுவும் கொள்ளாக இருக்குமோ என்ற சந்தேகத்தோடு. பக்லிடாக்சல் என்கிற கீமோ மருந்து போட்டவர்களுக்கு விரலும் பாதமும் இப்படி மரத்துப்போவது சகஜம். பல பேருக்கு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும், சிலருக்குக் கொஞ்சம் தங்கிவிடும். குடல் புற்றுநோய்க்குப் போடுகிற ஆக்சாலிபிளாட்டின் இன்னும் வம்பு, மருந்தை நிறுத்தின பிறகும் சில மாதம் மரப்பு கூடிக்கொண்டே போகலாம், சிகிச்சை நடக்கும்போது குளிர்ந்ததைத் தொட்டாலே சுரீர் என்கும். மார்கழியில் ஓசூர்க் குளிரில் விடிகாலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். பாதம் மரத்திருந்தால் பைக் ஓட்டுவதற்கு முன்னால் யோசியுங்கள். செருப்பு கழன்றதே தெரியாமல் நடக்கிறீர்கள் என்றால் அந்தக் காலால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதும் தெரியாது.

களைப்பு வேறு விஷயம். தூங்கி எழுந்தால் போகிற களைப்பு இல்லை இது. குளித்துவிட்டு வந்தாலே பாதி நாள் வேலை செய்த மாதிரி இருக்கும். வினோதமாக, படுத்தே கிடப்பதைவிட தினமும் கொஞ்சம் நடப்பதுதான் இதற்கு உதவுகிறது, டாக்டர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். பத்து நிமிஷத்தில் ஆரம்பித்து வாரா வாரம் கூட்டுங்கள். அப்படியும் குறையவில்லையென்றால் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். கழுத்தில் ரேடியேஷன் வைத்தவர்களுக்குத் தைராய்டு மந்தமாவது உண்டு, ஒரு மாத்திரையில் சரியாகிற விஷயத்தைச் சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் கை வீங்கிக்கொள்கிற ஆபத்து எப்போதும் இருக்கிறது. எடையே தூக்கக் கூடாது என்று ஊரே பயமுறுத்தும், அது முழுசும் சரியில்லை. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபடி படிப்படியாகப் பழக்கினால் கைக்கு நல்லதுதான். திடீரென்று ஒரு நாள் இருபது கிலோ மூட்டையைத் தூக்குவதும், ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்வதும்தான் சிக்கல். நம் பக்கத்தில் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுப்பார்களே, "உட்கார்ந்த இடத்து வேலைதானே" என்று ஆபரேஷன் முடிந்த மூன்றாவது மாதமே என்னையும் கூப்பிட்டார்கள். ஒரு மதியம் முழுக்கச் சுத்தியால் தட்டினேன், ராத்திரி வளையல் இறுகிவிட்டது. சோப்புப் போட்டுக் கழற்றினோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி அந்தத் திட்டத்தைத் தொடங்கியதே நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். உங்கள் ஊர் செவிலியரிடம் கேளுங்கள், தோள்பட்டைப் பயிற்சியை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம்.

டாக்டர் லெட்டரில்தான் விஷயமே இருக்கிறது

"வேலைக்குத் தகுதியானவர்" என்று ஒரே வரியில் சர்டிபிகேட் வாங்கிப் போனால் கம்பெனி உங்களைப் பழைய லைனிலேயே நிறுத்தும், தப்புச் சொல்ல முடியாது. "லைட் வேலை கொடுக்கவும்" என்று மட்டும் எழுதி வாங்கிப் போனால், "எங்களிடம் லைட் வேலை எதுவும் இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் இரண்டையும் பட்டுத் தெரிந்துகொண்டேன், ஒவ்வொன்றுக்கும் டாக்டரைப் பார்க்கப் போன ஒரு பெங்களூர்ப் பயணம் வீண்.

மூன்றாவது தடவை நானே ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு போனேன். வலது கையால் 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. விரல் மரப்பு இருப்பதால் சின்னப் பொருள்களைப் பூட்டுகிற வேலை வேண்டாம். மூன்று மாதத்துக்கு இரவு ஷிப்ட் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிஷம் உட்கார வேண்டும். இன்ன தேதியில் மறுபடி பார்த்துவிட்டுச் சொல்கிறோம். டாக்டர் படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தி, லெட்டர்பேடில் அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பெங்களூர் கித்வாய், சென்னை அடையாறு, வேலூர், சேலம் என்று எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஓ.பி. நெரிசலில் டாக்டர் உங்களோடு பேசுவது சில நிமிஷம்தான். அந்த நேரத்தில் உங்கள் வேலை என்னவென்று விளக்கி முடியாது, நோட்டைக் காட்டினால் முடியும். கடைசி வரியில் தேதி போடுவது ரொம்ப முக்கியம். முடிவு தேதி இல்லாத சலுகை என்றால் எந்த மேனேஜரும் பயப்படுவார்.

கம்பெனியில் முதலில் ஹெச்.ஆரிடம் போகாமல் சூப்பர்வைசரைப் பாருங்கள் என்பது என் யோசனை. எந்த மூலையில் என்ன வேலை ஆள் இல்லாமல் கிடக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். நான் சொன்னது இவ்வளவுதான்: "சார், ஸ்க்ரூ லைன்ல இப்ப என்னால முடியாது, விரல் மரத்திருக்கு. ஸ்டோர்ஸ்ல லேபிள் ஒட்டறது, கம்ப்யூட்டர்ல என்ட்ரி போடறது முடியும். மூணு மாசம் பாருங்க சார்." அவர் கொஞ்ச நேரம் லெட்டரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஸ்டோர்ஸ்ல ஒரு பையன் நின்னுட்டான், நான் பேசறேன்மா" என்றார். எல்லோருக்கும் இப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் "ஏதாவது பார்த்துக் கொடுங்க சார்" என்று நின்றிருந்தால் அவருக்கும் என்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

அப்புறம் கூட வேலை செய்கிறவர்கள். என் டிபன் பாக்ஸிலிருந்து உரிமையோடு எடுத்துச் சாப்பிடுகிற பெண் ஒருத்தி, முதல் வாரம் வேறு மேஜைக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் நானே போய், "இது ஒட்டுவாரொட்டி இல்லடி, தண்ணியில, எச்சில்ல எல்லாம் வராது" என்றேன். அவள் முகம் சுருங்கிப்போய்விட்டது, பயந்திருந்தாள் அவ்வளவுதான். யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் இஷ்டம். கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறது, வெளியே தெரிய வேண்டாம் என்று நினைக்கிறவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சூப்பர்வைசருக்கும், பக்கத்தில் நிற்கிற ஒருத்தருக்காவதும் தெரிந்திருக்கட்டும். முக்கியமாக கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே வேலைக்குப் போகிறவர்கள். ஊசி போட்டு ஏழு நாளிலிருந்து பதினாலு நாள் வரை வெள்ளை அணுக்கள் குறைவாக இருக்கும், அந்தச் சமயத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் அடித்தால் மாத்திரை போட்டுக்கொண்டு ஷிப்டை முடிக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

லெட்டர் கொடுக்க ஆளே இல்லாதவர்களுக்கு

மேஸ்திரியிடம் போய் டாக்டர் லெட்டரைக் காட்டினால் சிரிப்பார். பென்னாகரம், அரூர் பக்கத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கும், ரோஜாத் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறவர்களுக்கும் இ.எஸ்.ஐ.யும் கிடையாது, ஹெச்.ஆரும் கிடையாது. அங்கே பேரம்தான். அதே இடத்தில் வேறு வேலையைக் கேட்டு வாங்க வேண்டும். ரோஜாவில் பூ வெட்டுகிற வேலையிலிருந்து, தரம் பிரித்துக் கட்டுக் கட்டுகிற வேலைக்கு மாறலாம், நிழலில் நடக்கிற வேலை அது. அக்குளில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு முள் குத்தினால் அது சின்ன விஷயம் இல்லை, அந்தக் கையில் சீழ் பிடித்தால் வீக்கம் நிரந்தரமாகிவிடலாம், தடிமனான கையுறை இல்லாமல் செடியைத் தொடாதீர்கள். பூச்சிமருந்து அடிக்கிற அன்று பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூரைக் கொட்டகைப் பக்கமே போக வேண்டாம்.

குடல் ஆபரேஷனுக்குப் பிறகு மலம் வெளியேற வயிற்றில் பை வைத்திருக்கிற கொத்தனார் சிமென்ட் மூட்டை தூக்கினால் பை வைத்த இடத்திலேயே குடல் பிதுங்க வாய்ப்புண்டு. தூக்குவதை விட்டுவிட்டு மட்டம் பார்ப்பது, அளவெடுப்பது என்று மாறினவர்கள் இருக்கிறார்கள். கூலி குறையும், உண்மைதான். கிரானைட் பாலிஷ் பட்டறை மட்டும் வேண்டாம். அந்தக் கல் தூசி நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று தெளிவாகவே தெரிந்திருக்கிறது. ஒருமுறை பட்டவர் மறுபடி ஏன் அங்கே போக வேண்டும்?

தொண்டையில் குரல்பெட்டியை எடுத்தவர்களும், கை கால் இழந்தவர்களும் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குள் வருவார்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று மருத்துவக் குழு சான்று கொடுத்தால் அடையாள அட்டை, அதை வைத்துக் கடன், உதவித்தொகை, வேலை ஒதுக்கீடு எல்லாம் கேட்கலாம். புற்றுநோய் வந்தது என்பதற்காக மட்டும் இந்த அட்டை கிடைக்காது, அதனால் உண்டான நிரந்தரக் குறைபாட்டுக்குத்தான்.

வேறு தொழிலுக்கு மாறுவது

நம் ஊரில் உடம்பு முடியாதவர்களுக்கு எல்லோரும் சொல்கிற ஒரே யோசனை, "ரெண்டு மாடு வாங்கிக் கட்டிக்கோ." சொல்வது சுலபம். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, நேற்று உங்களுக்கு ஸ்கேன் எடுத்தார்கள் என்பதும் தெரியாது. காலை ஐந்து மணிக்கும் சாயங்காலமும் விரலால் பால் பீய்ச்ச வேண்டும், தீவனம் அறுத்துத் தூக்கி வர வேண்டும், கேனைச் சொசைட்டிக்குச் சுமக்க வேண்டும். வீட்டில் இன்னொரு திடமான ஆள் இருந்தால் மட்டும் யோசியுங்கள். அடுத்த யோசனை பெட்டிக்கடை. வாய்ப் புற்றுநோய் வந்த ஒருவர் கடை போட்டுவிட்டு பீடியும் சிகரெட்டும் விற்காமல் இருக்க முடியவில்லை என்று என்னிடம் புலம்பினார். கேட்டுக்கொண்டேன், என்ன பதில் சொல்வது?

தையல் நல்ல தேர்வுதான், பாதம் மரத்திருந்தால் மட்டும் மிஷினுக்கு மோட்டார் மாட்டும்போது கவனம், மிதியை எவ்வளவு அமுக்குகிறோம் என்று தெரியாமல் துணியோடு விரலையும் தைத்துவிடலாம். எங்கள் தெரு டெய்லர் அக்காதான் என் ஜாக்கெட் கொக்கியையெல்லாம் பிரித்துவிட்டு வெல்க்ரோ வைத்துக் கொடுத்தார். எது செய்வதானாலும் கையில் இருக்கிற பணத்தைப் போடுவதற்கு முன்னால் பயிற்சிக்குப் போய் உடம்பு ஒத்துழைக்கிறதா என்று பாருங்கள். வங்கிகள் நடத்துகிற கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் பயிற்சியும் சாப்பாடும் இலவசம். பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன, விவசாயம் சார்ந்த தொழில் என்றால் அங்கே போய்க் கேளுங்கள். பத்து நாள் பயிற்சியில் தினமும் போய்வர முடிந்ததா, நாலாம் நாளே படுத்துவிட்டீர்களா என்பதே ஒரு பரிசோதனை.

கடனுக்கு மாவட்டத் தொழில் மையம் வழியாகப் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் இருக்கிறது, கிராமத்தில் தொழில் தொடங்குகிற பெண்களுக்கு 35 சதவீதம் மானியம். கடனோடு சேர்த்து ஆயுள் காப்பீடு என்று ஒரு ஃபாரம் நீட்டுவார்கள், அதில் நோய் பற்றிய கேள்விக்கு "இல்லை" என்று டிக் அடிக்காதீர்கள். பின்னால் க்ளெய்ம் வரும்போது அந்த ஒரு டிக்கை வைத்தே பணம் இல்லை என்பார்கள்.

வேலை மாறுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். புதுச் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. போய்விடும். புது இடத்தில் குரூப் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, ஏற்கனவே இருக்கிற நோய்க்கும் முதல் நாளிலிருந்தே உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். தனியாகப் பாலிசி எடுத்தால் பழைய நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம், பாலிசியே தர மறுக்கவும் செய்வார்கள். இரண்டாயிரம் ரூபாய் கூடுதல் சம்பளத்துக்காக இதை விட்டுவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்டர்வியூவில் "ஒன்றரை வருஷம் என்ன செய்தீங்க?" என்று கேட்டால், "உடம்பு சரியில்லாமல் சிகிச்சையில் இருந்தேன், முடிந்துவிட்டது, இந்த வேலைக்குத் தகுதி என்று டாக்டர் லெட்டர் இருக்கிறது" என்றால் போதும். நோய்ப் பெயரை நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை. ஃபாரத்தில் எழுத்தாகக் கேட்டிருந்தால் மட்டும் பொய் எழுதாதீர்கள்.

செக்கப் தேதிகள்

மார்பகப் புற்றுநோய்க்கு முதல் மூன்று வருஷம் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்கப் இருக்கும். தேதி கொடுத்த அன்றே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, வார லீவோடு ஒட்டினாற்போல வாங்கிக்கொள்ளுங்கள், தொலைவான ஆஸ்பத்திரி என்றால் ரயிலில் போங்கள். ஆஸ்பத்திரியில் ரயில்வே ஃபாரத்தில் கையெழுத்து வாங்கினால் சிகிச்சைக்கும் செக்கப்புக்கும் ஸ்லீப்பரில் நோயாளிக்கு டிக்கெட் இலவசம், துணைக்கு வருகிறவருக்கு 75 சதவீதம் கழிவு.

செக்கப்புக்கு முந்தின வாரம் மனசு ஒரு இடத்தில் நிற்காது, அது எத்தனை தடவை போனாலும் மாறவில்லை. அந்த வாரம் ஸ்டாக் எண்ணுகிற வேலையை நான் எடுத்துக்கொள்வதில்லை. ஒருமுறை எடுத்து, 240 பெட்டியை 420 என்று பதிந்துவிட்டு, இல்லாத 180 பெட்டியை ஸ்டோர்ஸ் மொத்தமும் சாயங்காலம் வரை தேடினோம்.